'ஸ்டெடி' என்னும் ஆங்கில அடைமொழியும் அதன் தமிழ் வழக்கும்

ஆங்கிலத்தில் 'ஸ்டெடி' என வழங்கும் அடைமொழிக்கு 'நிலையான' என்று பொருளெழுதி அமைவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. இது பாதியளவே பொருந்தும். இடத்தைக் குறிக்கும் 'ஸ்டெட்' என்னும் பழஞ்சொல்லின் அடியாக 16ஆம் நூற்றாண்டளவில் எழுந்தது இச்சொல். அப்பழஞ்சொல்லும் நிற்றற்பொருள் கொண்ட வேரினின்று வந்ததே. ஆதலின் 'நில்' என்பதனடியாகப் பிறந்த 'நிலை' அதற்கு நேரெனத் தோன்றுதல் இயல்பு. ஆயின் வழக்கு வேர்ப்பொருளோடு நின்றுவிடவில்லை.

திருப்பெரும்பூதூர், ஒரகடம் வட்டாரம் இன்று எந்திரத் தொழில் மிக்க பகுதி. இரும்பு கடையும் பட்டறை ஒன்றை நோக்குவோம். நீண்டு மெலிந்த தண்டை லேத்தில் சுழற்றிக் கடையுங்கால், அது நடுவே வளைந்து அதிரும். அதனைத் தடுக்க மூன்று விரல்போலும் தாங்கிகளால் தண்டை அணைத்துப் பிடிக்கும் துணைக்கருவிக்கு 'ஸ்டெடி' என்றே பெயர். அது சுழற்சியை நிறுத்துவதன்று, அதிர்வையே ஒழிப்பது. பயிற்சிக் குறிப்பில் 'தண்டு நிலையாக இருத்தல் வேண்டும்' என்றெழுதின், புதிதாய்ச் சேர்ந்த இளைஞன் சுழலாதிருத்தல் என்று கொள்ளலாம். ஓடும் எந்திரத்தின் முன் அப்பிழை சொற்பிழை அளவில் நில்லாது.

இவ்விரு பொருளும் ஒரு சொல்லில் இயைதல் புதுமையன்று. அதே திருப்பெரும்பூதூரில் 1017இல் தோன்றியவராகக் கொள்ளப்படும் இராமாநுசர், ஸ்ரீபாஷ்யத்தில் தியானத்தை விளக்குமிடத்து, எண்ணெய் ஒழுக்குப்போல் இடையறாது தொடரும் நினைவு என்பர். அதனையே 'துருவ' நினைவு என்றும் கூறுவர். துருவம் அசையாமையைக் குறிக்கும் வடசொல். எண்ணெய் ஒழுக்கோ ஓயாது இயங்குவது. பட்டறைத் தண்டுக்கும் இவ்வுவமைக்கும் உள்ள ஒப்புமை எமக்கு வியப்பையே தருகின்றது.

தமிழில் இப்பொருளுக்கு ஒரு தனிச்சொல் தேடுதல் வேண்டா. திருக்குறளின் 67ஆம் அதிகாரப் பெயரில் உள்ள 'திட்பம்' மனத்தின் உறுதிக்கு மிகப் பொருந்தும். மழைக்கோ விலைக்கோ பொருந்தாது. நம் மக்கள் எதிர்மறைப் பெயரெச்சத்தாலேயே இதனை உணர்த்துகின்றனர்: நடுங்காத கை, விடாத மழை, ஏறி இறங்காத விலை, ஆடாத ஏணி. ஆங்கிலம் ஒரே அடைமொழியால் மூடிவைப்பதைத் தமிழ் பிரித்துக் காட்டுகின்றது. எவ்வகைக் குலைவு இல்லை என்பதை அவ்வெச்சமே சொல்லிவிடுகின்றது. மொழிபெயர்ப்போர் முதலில் ஆராய வேண்டுவதும் அதுவே. மேற்கூறிய குறிப்பில் 'தண்டு அதிராமல் சுழலவேண்டும்' என்றிருப்பின் ஐயமே எழாது.

'சீரான' என்பதும் எல்லாவிடத்தும் உதவாது. நீரோட்டம் பற்றிய இயற்பியலில் ஓரிடத்து விரைவு காலத்தால் மாறாமை வேறு, இடத்துக்கிடம் மாறாமை வேறு. பின்னதற்கே 'சீரான' என்பதை வைத்துக்கொண்டு, முன்னதைக் 'காலத்தால் மாறாத ஓட்டம்' என்றல் தகும். சொல் சிறிது நீளினும் பொருள் மயங்காது.