திராட்சை காத்திருக்காது

சென்னிமலையில் படியேறி முருகனைத் தரிசித்தாயிற்று. கைத்தறிப் போர்வையும் வாங்கியாயிற்று. விடுமுறையில் இன்னும் இரண்டு நாள் மிச்சம் இருக்கிறதா, சகோதரிகளே? அப்படியானால் காங்கேயம், தாராபுரம், திண்டுக்கல், தேனி வழியாகக் கம்பம் பள்ளத்தாக்குக்குப் புறப்படுங்கள்.

சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டிப் பக்கம் போனால் சாலையோரமே திராட்சைத் தோட்டங்கள்தான். கல் தூண் நட்டு, கம்பி இழுத்து, அதன்மேல் கொடியைப் படரவிட்டிருக்கிறார்கள். நம் வீட்டு அவரைப் பந்தலை ஏக்கர் கணக்கில் விரித்ததுபோல் இருக்கும். வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே நிழல். தலைக்கு மேலே கருநிறக் குலைகள்! குழந்தைகளின் கையை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். தோட்டக்காரரைக் கேட்காமல் ஒரு பழமும் பறிக்கலாகாது.

இதுதான் பன்னீர் திராட்சை. 1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தது என்கிறார்கள். 2023-ல் இதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. 1895-ல் பென்னிகுயிக் கட்டி முடித்த பெரியாறு அணையின் தண்ணீர் இந்தப் பள்ளத்தாக்கை வாழவைக்கிறது. அவர் பிறந்த ஜனவரி 15-ஆம் தேதி, இங்கே பொங்கலோடு பொங்கலாகக் கொண்டாடப்படுகிறது.

நாசிக்கில் வருஷத்துக்கு ஒரு மகசூல். இங்கேயோ, கவாத்துச் செய்தால் ஏறக்குறைய நாலு மாதத்தில் பழம். இரண்டு வருஷத்தில் ஐந்து மகசூல்கூட எடுக்கலாம். 'அடேயப்பா, கொடுத்து வைத்தவர்கள்!' என்கிறீர்களா? அவசரப்படாதீர்கள். பழுக்கும் சமயத்தில் மழை பிடித்தால் பழம் வெடித்துவிடும். சென்னிமலைப் போர்வை விலை போகாவிட்டால் மடித்து அலமாரியில் வைக்கலாம். திராட்சையை எந்த அலமாரியில் வைப்பது? வந்த விலைக்குத் தள்ளிவிட வேண்டியதுதான்.

ஒயின் என்றதும் முகம் சுளிக்காதீர்கள். உங்களைக் குடிக்கச் சொல்லவில்லை! நாலு நாளில் அழுகும் பழத்துக்கு வருஷக் கணக்கில் ஆயுள் கொடுக்கும் வித்தை அது. நாசிக்கின் சூலா ஆலை 2000-ல் முதல் ஒயினை வெளியிட்டது. பிறகு 2005-ல், வருகிறவர்கள் ருசி பார்க்கவும் இடம் அமைத்தது. இன்று தோட்டத்தைப் பார்க்கவே அங்கே கூட்டம் வருகிறது. பழத்தோடு சேர்த்துப் பந்தலின் அழகும் காசாகிறது.

நம் பங்குக்கு நாம் ஒன்று செய்யலாமே! தோட்டத்து வாசலிலேயே இரண்டு கிலோ வாங்குங்கள். பேரம் பேசாமல் வாங்குங்கள். மருந்து தெளித்திருப்பார்கள், ஆகவே ஓடுகிற தண்ணீரில் நன்றாக அலசுங்கள். பாதியைச் சாப்பிட்டு, மீதியைப் பிழிந்து சர்பத் காய்ச்சிவிடுங்கள்.

சீக்கிரம் ஆகட்டும். திராட்சை காத்திருக்காது!