கணக்கேட்டிலிருந்து கணினிக்கு – 8: கூடை சுமப்பவரும் பயனர்தான்

சென்ற வாரம் ஒரு தொழிலில் புழங்கும் சீட்டு, பதிவேடு, ரசீது எல்லாவற்றையும் தேடி எடுத்து அடுக்கினோம். அவற்றை எழுதுபவர் யார், படிப்பவர் யார், அதில் எழுதியிருப்பதை வைத்துக் கூலி வாங்குபவர் யார் என்று கண்டுபிடிப்பது இந்த வாரத்து வேலை. தகவல் முறைமை வடிவமைப்பில் பலரும் அவசரமாகத் தாண்டிப் போகும் கட்டம் இது. நிர்வாகி, மேலாளர், எழுத்தர் என்று மூன்று பெயர் எழுதி, ஆளுக்கொரு கடவுச்சொல் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அந்த அவசரத்தால் நஷ்டப்படுகிறவர்கள் பட்டியலில் விடுபட்டவர்கள்.

இதைப் பார்க்க மரக்காணத்தைவிட நல்ல இடம் கிடைக்காது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடையே போய்வருகிறவர்கள் சாலையோரத்து உப்பு அம்பாரங்களைப் பார்த்திருப்பீர்கள். 3,000 ஏக்கருக்கு மேல் உப்பளம். தமிழ்நாட்டு உப்பில் தூத்துக்குடி, வேதாரண்யத்துக்கு அடுத்துச் சொல்லப்படும் ஊர். நிலம் பெரும்பாலும் மத்திய, மாநில அரசுகளுடையது. குத்தகைக்கு எடுத்தவர்கள் உப்பு விளைவிக்கிறார்கள். பொங்கலை ஒட்டிப் பாத்திகளைச் சீராக்கத் தொடங்கினால், கோடை முழுக்க உப்பு வாருவார்கள். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் வேலை நின்றுவிடும்.

இங்கே ஒரு குத்தகைதாரர் தன் கணக்கு முழுவதையும் கணினியில் ஏற்றித் தரச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவரிடமும் அவருடைய கணக்குப்பிள்ளையிடமும் பேசிவிட்டுத் திரும்பினால், அந்த இரண்டு பேருக்கான மென்பொருள்தான் உருவாகும். அதனால் பதவிப் பெயர்களைக் கேட்டு எழுதாதீர்கள். தண்ணீர் உள்ளே வரும் வாய்க்காலில் தொடங்கி, லாரி வெளியே போகும் பாதை வரை உப்பின் பின்னாலேயே நடந்து போங்கள். ஒவ்வொரு இடத்திலும் நின்று, இங்கே முடிவெடுப்பது யார், குறித்துவைப்பது யார், குறிப்பு தப்பானால் யாருக்கு நஷ்டம் என்று மூன்று கேள்வி கேளுங்கள்.

முதல் நிறுத்தத்திலேயே ஒருவர் கிடைப்பார். உப்புச் செறிவைக் காட்டும் பாமே அளவில் கடல்நீர் ஏறக்குறைய 3 டிகிரி இருக்கும். அதைப் பாத்தி பாத்தியாக மாற்றி வெயிலில் வற்றவிட்டு 25 டிகிரிக்குக் கொண்டுவந்தால் உப்பு படியத் தொடங்கும். வரும் வழியிலேயே ஜிப்சம் பிரிந்து கீழே தங்கிவிடும். 29, 30 டிகிரியைத் தாண்டவிட்டால் மக்னீசிய உப்புகளும் சேர்ந்து படிந்து கசப்பு ஏறும். அதற்குள் மிஞ்சிய நீரை வெளியே விட்டாக வேண்டும். எந்தப் பாத்தியை எப்போது திறப்பது, எப்போது அடைப்பது என்று முடிவு செய்கிறவர் கையில்தான் அந்த உப்பின் தரம் இருக்கிறது. கருவி வைத்து அளந்தாலும் சரி, பல வருடப் பழக்கத்தில் பார்த்தே சொன்னாலும் சரி. சம்பளப் பட்டியலில் இவர் வெறும் ‘தொழிலாளி’. பதவியை வைத்துப் பட்டியல் போட்டவர் கண்ணில் இவர் படவே மாட்டார். வேலையை வைத்துப் பட்டியல் போட்டால், ‘நீர் மாற்ற முடிவெடுப்பவர்’ என்று ஒரு பொறுப்பும், ‘பாத்தி எண், டிகிரி, திறந்த நேரம் பதிதல்’ என்று ஒரு செயல்பாடும் தானாகவே வந்து நிற்கும். வாங்கிய வியாபாரி உப்பு கசக்கிறது என்று திருப்பி அனுப்பும் நாளில் முதலாளி தேடப்போவது இந்தப் பதிவைத்தான்.

பொறுப்பு வேறு, ஆள் வேறு என்பதைத் தெளிவாக எடுத்து வைத்தவர் சுவீடனின் ஐவார் ஜேக்கப்சன். எரிக்சன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த அவர், 1980களில் முறைமையைப் பயன்படுத்துகிறவர்களை ‘நடிகர்’ என்று குறித்தார். ஒரே ஆள் இரண்டு வேடம் கட்டலாம். ஒரே வேடத்தைப் பத்துப் பேர் கட்டலாம். 1992-இல் அமெரிக்காவின் டேவிட் ஃபெராயோலோவும் ரிச்சர்ட் குன்னும் இதைப் போன்றதோர் அனுமதி முறையை வகுத்தார்கள்: அனுமதியை ஆளுக்குத் தராமல் பொறுப்புக்குத் தருவது, ஆளை அந்தப் பொறுப்பில் சேர்ப்பது. இன்று வங்கி முதல் மருத்துவமனை வரை நடப்பது இதுதான்.

உப்பளத்தில் இதற்கு என்ன வேலை? கங்காணி வருகையைக் குறிப்பவராக இருக்கலாம். அவரே முன்பணம் கொடுப்பவராகவும், வாரக் கடைசியில் அதைப் பிடித்தம் செய்கிறவராகவும் இருக்கலாம். ஆள் ஒருவர், பொறுப்பு மூன்று. கங்காணி என்று ஒரே கணக்கைத் திறந்து மூன்றையும் அதில் போட்டுவிட்டால், ஒரு நாள் வருகையைக் குறைத்து, ஒரு நூறு ரூபாய் முன்பணத்தைக் கூட்டி எழுதினாலும் தட்டிக் கேட்க ஆள் இருக்காது. எண்ணுகிறவரும் பிடித்தம் செய்கிறவரும் ஒரே ஆளாக இருந்தால், பிடித்தத்தை இன்னொருவர் ஒப்புக்கொண்ட பிறகே கணக்கு முடிய வேண்டும். அந்த இன்னொருவர், கூலி வாங்குகிறவரேதான்.

இந்தக் கட்டுரையில் நான் வலியுறுத்த வருவது இதைத்தான். வெயிலில் நின்று உப்பை வாரிக் கூடையில் சுமந்து அம்பாரத்தில் கொட்டும் பெண், கணினியைத் தொடாவிட்டாலும் அந்த முறைமையின் பயனர். பணம் கொடுத்து வாங்குகிறவரைவிட, திரையின் முன் உட்கார்ந்து தட்டுகிறவரைவிட, அதன் விளைவு நேரே போய்ச் சேருவது அவரிடம்தான்.

கணவனும் மனைவியும் சேர்ந்து உழைக்கும் தொழில்களில் கணக்கை ஆண் பெயரில் மட்டும் எழுதும் வழக்கம் நம்மிடம் உண்டு. செங்கல் சூளைகளில் முன்பணம் அப்படித்தான் குடும்பத்தின் தலையில் ஏறுகிறது. இருவர் உழைப்பையும் ஒரே பெயரில் சேர்த்து எழுதும் பழைய நோட்டைப் பார்த்து மென்பொருளிலும் ஒரே வரி வைத்தால், அந்தப் பெண் கணினியிலும் காணாமல் போவார். 1976-ஆம் ஆண்டுச் சட்டமே சம வேலைக்குச் சம கூலி என்றது. ஆனால் ஆள் கணக்கிலேயே இல்லாதபோது எந்தக் கூலியோடு எதை ஒப்பிடுவது?

மழைக்காலத்தில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். உற்பத்தி இல்லாத அந்த மாதங்களுக்காக உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு 5,000 ரூபாய் நிவாரணம் தரும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2022-இல் தொடங்கியது. அதற்கு முந்தைய ஆண்டு ஆகஸ்டில், அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான இ-ஷ்ரம் பதிவை மத்திய அரசு திறந்தது. இப்படி எந்த உதவி வந்தாலும், ‘நீ உப்பளத்தில் வேலை செய்கிறாயா?’ என்பதே முதல் கேள்வி. அதற்கு வலுவான சாட்சி நாள்தோறும் எழுதிய வருகைக் கணக்கு. ஆகவே ‘இந்தப் பருவத்தில் இத்தனை நாள் வேலை செய்தார் என்று சான்று எடுத்தல்’ ஒரு செயல்பாடாகப் பட்டியலில் இருக்க வேண்டும். குத்தகைதாரர் இதைக் கேட்க மாட்டார். அவருக்கு இது தேவைப்படாது. உப்பின் பின்னால் நடந்தவர்தான் கேட்டு எழுத முடியும்.

தொழிலாளியைப் பயனராக எண்ணுவது நடக்கிற காரியமா என்று கேட்பவர்களுக்கு நார்வேயைக் காட்டலாம். சிமுலா என்ற கணினி மொழியை உருவாக்கியவர்களில் ஒருவரான கிறிஸ்டன் நிகார்ட், 1970களின் தொடக்கத்தில் அந்நாட்டு இரும்பு, உலோகத் தொழிலாளர் சங்கத்தோடு சேர்ந்து வேலை செய்தார். ஆலைக்குள் கணினி வந்தால் தொழிலாளிக்கு என்ன ஆகும், அவர் எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்று சங்கத்தினரே படித்துப் பேசப் பாடங்கள் எழுதினார்கள். 1975-இல் தொழிற்சங்கக் கூட்டமைப்பும் முதலாளிகள் சங்கமும் நாடு முழுமைக்கும் ஓர் ஒப்பந்தம் போட்டன: கணினி முறைமை பற்றிய விவரத்தை, அந்தத் துறை தெரியாதவருக்கும் புரியும் மொழியில் தொழிலாளிக்குச் சொல்லியாக வேண்டும். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் அங்கே நடந்ததை மரக்காணத்தில் ஒரு சிறு மென்பொருளில் செய்வது பெரிய காரியமில்லை.

அந்தப் பெண்ணுக்கு என்னென்ன செயல்பாடு வேண்டும்? தன் பெயரில் இன்று என்ன பதிந்திருக்கிறது என்று அன்று மாலையே தெரிய வேண்டும். தவறு என்றால் தவறு என்று சொல்ல ஒரு வழி வேண்டும். அவருடைய ஆட்சேபம் தீராமல் அந்த வாரக் கணக்கை மூடக் கூடாது. இதையெல்லாம் திரையில் காட்டினால் பயனில்லை. நண்பகல் வெயில் வெள்ளை உப்பில் பட்டுக் கண்ணைக் கூசச் செய்யும் இடம் அது. உப்பளத்தில் உழைப்பவர்களின் கண்ணையும் தோலையும் கெடுப்பது அந்த வெயிலும் உப்புநீரும்தான். சாதாரண பட்டன் போனுக்கு ஓர் அழைப்பு வந்து, தமிழில் கணக்கைப் படித்துச் சொன்னால் போதும். சரியா தவறா என்று அவர் ஒரு எண்ணை அழுத்தட்டும்.

மற்றவர்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். லோடுமேன், தரகர், லாரிக்காரர், அயோடின் கலக்கும் ஆலை. கடையில் விற்கும்போது உப்பில் அயோடின் 15 பி.பி.எம். அளவுக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பது விதி. அதனால் முறைமைக்குள் நுழையாமலே அதன் பதிவைக் கேட்கும் உரிமை உணவுப் பாதுகாப்பு அலுவலருக்கு உண்டு. அவருக்கும் பட்டியலில் ஓர் இடம் போடுங்கள். இதற்கெல்லாம் ஆயத்த மென்பொருள் போதாதா என்றால், சந்தையில் விற்கும் கணக்கு மென்பொருள்கள் பெரும்பாலும் வரியைச் சுற்றிக் கட்டப்பட்டவை. உப்புக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. உப்பளக் கணக்கின் உயிர் கூலியிலும் முன்பணத்திலும் இருக்கிறது. அந்த ஆயத்த மென்பொருள்களை வாங்கி மாட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை.

சிறு தொழில்களுக்கு மென்பொருள் செய்து தரும் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். பயனர், பொறுப்பு, செயல்பாடு என்று மூன்று பத்தியில் பட்டியலை எழுதி முடித்ததும், முதலாளியிடம் ஒப்புதல் வாங்கும் முன்பு, அந்த இடத்தில் நாள்கூலிக்கு வேலை செய்யும் ஒருவருக்கு அதை முழுக்கப் படித்துக் காட்டுங்கள். முடிந்தால் ஒரு பெண்ணுக்கு. ‘இதில் நான் எங்கே இருக்கிறேன்?’ என்று அவர் கேட்டால், பட்டியலைத் திருத்திவிட்டு முதலாளியிடம் போங்கள்.

(அடுத்த வாரம்: ஒரு செயல்பாடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது?)