ஐரிஸின் மேடு பள்ளம்

கண் மருத்துவர் உங்கள் தாடையை ஒரு தாங்கியில் வைக்கச் சொல்லி, பக்கவாட்டிலிருந்து மெல்லிய ஒளிக்கீற்றைக் கண்ணில் விழவைத்துப் பார்த்திருப்பார். 'ஸ்லிட் லேம்ப்' எனப்படும் அந்தக் கருவியில், கண்ணாடியில் வெறும் பழுப்பு வளையமாகத் தெரியும் ஐரிஸ், உழுத நிலம்போல் விரிகிறது. கண்பாவையைச் சுற்றி ஒரு வரப்பு, அதையொட்டிச் சின்னஞ்சிறு குழிகள், வெளியோரத்தில் வில்லாய் வளைந்த சால்கள். சிலருக்கு இவை நிறைய, சிலருக்குக் குறைவு.

கருவில் கண்பாவையை மூடியிருக்கும் சவ்வு பிறப்பதற்குள் கரைந்துவிடும். அந்தச் சமயத்தில் ஐரிஸின் மேலடுக்கு ஆங்காங்கே விட்டுப்போன இடங்களே குழிகள். பாவை விரியும்போது திசு மடியும் இடங்கள் சால்கள்.

குழிகளுக்கு வேலையும் உண்டு. கண்ணின் முன்னறை நீர் ஐரிஸுக்குள் போய்வர அவை வாசல். இருட்டில் பாவை விரிகையில், பிழிந்த பஞ்சுபோல் ஐரிஸ் நீரை விட்டு மெலிகிறது. மெலியாவிட்டால், அந்த முன்னறை நீர் வடியும் மூலை நெருக்கப்பட்டு அழுத்தம் ஏறலாம். கிளாக்கோமா என்னும் கண் அழுத்த நோயில் ஒருவகை இப்படியும் வரலாம். குழிகள் மிகுந்த கண்களில் ஐரிஸ் மெலிந்தும் மூலை அகன்றும் இருப்பதைச் சிங்கப்பூர் ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள்.

இந்த மேடு பள்ளத்தை அளப்பது எப்படி? படம் பார்த்து மதிப்பெண் போட்டால், ஒருவருக்கு 'நடுத்தரம்' என்பது இன்னொருவருக்கு 'அதிகம்'. கறுத்த விழிகளில் சாதாரணப் படம் குழிகளைச் சரியாகக் காட்டுவதும் இல்லை. ஆதாருக்குக் கருவிழியைப் பதியும் கருவி அகச்சிவப்பு ஒளியை நாடுவது இதனால்தான்.

'ஓசிடி' எனப்படும் கண் ஸ்கேன் கருவியும் அகச்சிவப்பு ஒளியையே அனுப்பி, ஐரிஸின் குறுக்குவெட்டைப் படமாக்குகிறது. அதில் பாவையின் விளிம்பிலிருந்து வெளியோரம் வரை நேர்கோடு ஒன்று இழுக்கிறார்கள். மேடு பள்ளத்தின் மேலேயே நூல் ஓட்டியதுபோல் இன்னொரு கோடு. நேர்கோட்டின் நீளத்தை நூலின் நீளத்தால் வகுத்தால் வழவழப்புக் குறியீடு கிடைக்கும். நேர்கோடு 3.8 மி.மீ., நூல் 4 மி.மீ. என்றால் விடை 0.95. முழுச் சமதளம் என்றால் 1. பாவை விரிந்தால் மடிப்பு கூடும் என்பதால், எல்லோரையும் ஒரே வெளிச்சத்தில் அளக்க வேண்டும்.

இந்த அளவை நலமான கண்ணிலும் ஏன் எடுக்க வேண்டும்? வியன்னா மருத்துவர் எர்ன்ஸ்ட் ஃபுக்ஸின் பெயர் தாங்கிய கண் அழற்சியில் ஐரிஸ் மெல்ல மெல்லத் தேய்ந்து வழவழப்பாகிறது. பெரும்பாலும் ஒரு கண்ணில் மட்டும், வலியோ சிவப்போ அதிகமின்றி வரும். வெளிர் விழிகளில் நிறமாற்றம் அதைக் காட்டிக்கொடுக்கும். நம்மைப் போன்ற கரும்பழுப்பு விழிகளில் அந்தத் தடயம் மங்கல். தேய்ந்துபோன மேற்பரப்பே இங்கே முக்கியமான துப்பு. 'தேய்ந்துவிட்டது' என்று துணிந்து சொல்ல, அதே வயதில் நலமான கண்ணின் அளவு கையில் இருக்க வேண்டும்.

ஓசிடி கண்ணைத் தொடாது, வலிக்காது, சில நொடிகளில் முடிந்துவிடும். நோயற்றவர்களின் அளவு ஆய்வுக்குத் தேவை என்று யாராவது கேட்டால் தயங்காமல் உட்காருங்கள். உங்கள் நல்ல கண்ணின் எண், இன்னொருவரின் நோயை நேரத்தோடு காட்டிக்கொடுக்கும்.