கேம்பர் மின்னிணைப்பு

கேம்பர் மின்னிணைப்பு என்பது மகிழுந்து, பிக்கப் போன்ற வாகனமொன்றின் மின்சுற்றுகளை, அதன் பின்னால் இழுத்துச் செல்லப்படும் தங்கும் வண்டியின் மின்சுற்றுகளுடன் இணைக்கும் கம்பித் தொகுதி ஆகும். படுக்கை, சமையலிடம், குளிர்பெட்டி போன்ற வசதிகளைக் கொண்ட இவ்வகை இழுவண்டி வட அமெரிக்காவில் கேம்பர் அல்லது டிராவல் டிரெய்லர் எனவும், ஐரோப்பாவிலும் ஆத்திரேலியாவிலும் கேரவன் எனவும் அழைக்கப்படுகிறது. கேம்பரின் விளக்குகள், மின்சார பிரேக்குகள், உள்ளே உள்ள மின்கலத்தின் மின்னேற்றம் ஆகிய மூன்றும் பயணத்தின்போது இவ்விணைப்பைச் சார்ந்துள்ளன. இக்கட்டுரை ஐக்கிய அமெரிக்காவிலும் கனடாவிலும் வழக்கிலுள்ள 12 வோல்ட்டு முறையை முதன்மையாக விளக்குகிறது. இங்கு இழுத்துச் செல்லும் வாகனம் முன் வாகனம் எனக் குறிக்கப்படுகிறது.

தேவை

கேம்பர் இணைக்கப்பட்டதும் முன் வாகனத்தின் பின்விளக்குகள் மறைந்துவிடுகின்றன. பின்னால் வருபவர்கள் கேம்பரின் விளக்குகளை மட்டுமே காண்பர். எனவே முன் வாகனத்தின் ஒவ்வொரு விளக்குக் குறிப்பும் கேம்பரிலும் அதே கணத்தில் தோன்ற வேண்டும்.

இதைவிட முக்கியமானது பிரேக் ஆகும். சிறிய கேம்பர்கள் ஏறத்தாழ 700 கிலோகிராம் எடையுடையவை. பெரியவை 3,000 கிலோகிராமுக்கும் மேற்பட்டவை. இவ்வெடையை முன் வாகனத்தின் பிரேக்குகள் மட்டும் தாங்கி நிறுத்துவது கடினம். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் மொத்த எடை 1,360 கிலோகிராமை எட்டும் இழுவண்டிகளுக்குத் தனி பிரேக் இருத்தல் வேண்டும். கலிபோர்னியாவில் கேம்பர்களுக்கு இவ்வரம்பு 1,500 இறாத்தல் (ஏறத்தாழ 680 கிலோகிராம்) ஆகும். வட அமெரிக்கக் கேம்பர்களில் பெரும்பாலானவற்றின் பிரேக்குகள் மின்சாரத்தால் இயங்குபவை. ஆகவே அங்கு மின்னிணைப்பின் தரமே பிரேக்கின் தரத்தையும் தீர்மானிக்கிறது.

இணைப்பி வகைகள்

வட அமெரிக்காவில் இரண்டு வகை இணைப்பிகள் பரவலாகப் பயன்படுகின்றன.

நான்கு முனைத் தட்டை இணைப்பி: இது சிறிய இழுவண்டிகளுக்கு உரியது. விளக்குகளை மட்டுமே இயக்கக்கூடியது. முன் வாகனத்தின் பக்கத்தில் எர்த் முனை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மின்சாரம் வரும் மற்ற மூன்று முனைகளும் உறைக்குள் இருக்கும். இணைப்பி கழன்று தொங்கி உலோகத்தில் உரசினாலும் குறுக்குச்சுற்று ஏற்படாதிருப்பதற்காக இவ்வாறு அமைக்கப்பட்டுள்ளது.

ஏழு முனை வட்ட இணைப்பி: இது மின்சார பிரேக் உள்ள கேம்பர்களுக்கு உரியது. தட்டையான ஆறு முனைகள் வட்டமாகவும், ஒரு முனை நடுவிலும் அமைந்திருக்கும். முன் வாகனத்தின் பக்கத்தில் பொதுவாகப் பின்பற்றப்படும் நிறங்கள் பின்வருமாறு:

- வெள்ளை: எர்த் (திரும்புபாதை)
- நீலம்: மின்சார பிரேக்
- கறுப்பு: 12 வோல்ட்டு மின்னேற்றம்
- பழுப்பு: பின்விளக்குகள்
- மஞ்சள்: இடது திருப்பம் மற்றும் நிறுத்த விளக்கு
- பச்சை: வலது திருப்பம் மற்றும் நிறுத்த விளக்கு
- ஊதா (நடு முனை): பின்னோக்கிச் செல்லும் விளக்கு அல்லது துணைச் சுற்று

நிறக் குழப்பம்

கேம்பர் உற்பத்தித் துறையில் பின்பற்றப்படும் நிற வழக்கம் மேற்கண்டதிலிருந்து வேறுபடுகிறது. வெள்ளை, நீலம், கறுப்பு ஆகியன இரண்டிலும் ஒன்றே. ஆனால் பல கேம்பர்களில் பின்விளக்கு பச்சையாகவும், இடது திருப்பம் சிவப்பாகவும், வலது திருப்பம் பழுப்பாகவும், பின்னோக்கிச் செல்லும் விளக்கு மஞ்சளாகவும் இருக்கும்.

நிறத்துக்கு நிறம் இணைத்தால் விளக்குகள் தவறாக இயங்கும். முன் வாகனத்தின் பச்சைக் கம்பியைக் கேம்பரின் பச்சைக் கம்பியுடன் இணைத்தால், வலப்புறம் திரும்பும்போது எல்லாப் பின்விளக்குகளும் சேர்ந்து சிமிட்டும். பழுப்பைப் பழுப்புடன் இணைத்தால், இரவு விளக்குகளை ஏற்றியவுடன் வலது திருப்ப விளக்கு அணையாமல் எரியும். எனவே ஒவ்வொரு கம்பியும் செய்யும் வேலையைச் சோதனை விளக்கு கொண்டு கண்டறிந்த பின்னரே இணைப்பது வழக்கம்.

விளக்குச் சுற்று

வட அமெரிக்கக் கேம்பர்களில் நிறுத்த விளக்கும் திருப்ப விளக்கும் பெரும்பாலும் ஒரே சிவப்பு விளக்காகும். பிரேக்கை அழுத்தியபடி இடப்புறம் திரும்பினால் இடது விளக்கு சிமிட்டும். வலது விளக்கு சீராக எரியும். ஆனால் பல மகிழுந்துகளில் திருப்ப விளக்கு மஞ்சள் நிறத்தில் தனியாக உள்ளது. இத்தகைய வாகனங்களில் நிறுத்தக் குறிப்பையும் திருப்பக் குறிப்பையும் ஒரே கம்பியில் சேர்க்கும் மாற்றி ஒன்று தேவைப்படுகிறது.

மின்னணுக் கட்டுப்பாடு கொண்ட வாகனங்களில், விளக்குக் கம்பிகளை வெட்டிக் கூடுதல் விளக்குகளைப் பொருத்தினால் கட்டுப்பாட்டுப் பெட்டி அதனைப் பழுதாகக் கருதிச் சுற்றை நிறுத்திவிடக்கூடும். இதைத் தவிர்க்க, மின்கலத்திலிருந்து தனி உருகி (பியூஸ்) வழியாக மின்சாரம் பெறும் மாற்றிகள் பயன்படுகின்றன. இவை வாகனத்தின் விளக்குக் கம்பிகளிலிருந்து குறிப்பை மட்டும் பெறுகின்றன. கேம்பரின் விளக்குகளுக்கான மின்னோட்டம் மின்கலத்திலிருந்து நேராகச் செல்கிறது.

பிரேக் சுற்று

மின்சார பிரேக்கில் ஒவ்வொரு சக்கரத்தின் உருளிக்குள்ளும் ஒரு மின்காந்தம் உண்டு. அதில் மின்சாரம் பாயும்போது அது சுழலும் உருளியின் முகத்தில் ஒட்டிக்கொண்டு அதனுடன் சற்று நகர முயல்கிறது. இந்நகர்வு ஒரு நெம்புகோலை இழுக்க, அது பிரேக் ஷூக்களை உருளியின் உட்சுவரில் அழுத்துகிறது. மின்னோட்டம் கூடினால் பிடிப்பும் கூடும். 10 முதல் 12 அங்குல விட்டமுள்ள உருளிகளில் ஒரு மின்காந்தம் 12 வோல்ட்டில் ஏறத்தாழ 3 ஆம்பியர் மின்னோட்டத்தை எடுக்கிறது. இரண்டு அச்சுகளும் நான்கு பிரேக்குகளும் கொண்ட கேம்பருக்கு ஏறத்தாழ 12 ஆம்பியர் தேவைப்படும்.

இம்மின்னோட்டத்தை ஓட்டுநருக்கு அருகில் உள்ள பிரேக் கட்டுப்படுத்தி வழங்குகிறது. இது இருவகைப்படும். நேர அடிப்படையிலானது, பிரேக் மிதி அழுத்தப்பட்டதும் முன்பே அமைத்த அளவுவரை மின்சாரத்தைப் படிப்படியாகக் கூட்டும். விகித அடிப்படையிலானது, வாகனம் வேகம் குறையும் அளவை உணர்ந்து அதற்கு ஏற்ப மின்சாரத்தைக் கூட்டவும் குறைக்கவும் செய்யும். இரண்டிலும் கேம்பரின் பிரேக்கை மட்டும் தனியே இயக்கும் கைப்பிடி ஒன்று உண்டு. கேம்பர் பக்கவாட்டில் ஆடத் தொடங்கினால் இக்கைப்பிடியை மெல்ல இயக்கி ஆட்டத்தை அடக்கலாம்.

பிரிவு ஆளி

ஓடும்போது கேம்பர் கொக்கியிலிருந்து கழன்றுவிட்டால் அதனை நிறுத்துவது பிரிவு ஆளியின் வேலையாகும். முன் வாகனத்துடன் பிணைக்கப்பட்ட மெல்லிய உலோகக் கயிறு, ஆளியிலிருந்து ஓர் ஊசியை உருவிவிடும். உடனே கேம்பரின் சொந்த மின்கலம் பிரேக்குகளுடன் நேராக இணைந்து முழுப் பிடிப்பைத் தரும். வணிக வாகனங்கள் இழுக்கும் வண்டிகளில் இப்பிடிப்பு குறைந்தது 15 நிமிடங்கள் நீடிக்க வேண்டுமென ஐக்கிய அமெரிக்கக் கூட்டரசு விதிகள் கூறுகின்றன. கேம்பரின் மின்கலம் வற்றியிருந்தால் இவ்வேற்பாடு முழுவதும் பயனற்றதாகும். ஆகவே மின்னேற்றச் சுற்றும் ஒருவகையில் பாதுகாப்புச் சுற்றே எனலாம்.

திரும்புபாதை

விளக்கு, பிரேக், மின்னேற்றம் ஆகிய எல்லாச் சுற்றுகளின் மின்னோட்டமும் வெள்ளைக் கம்பி ஒன்றின் வழியாகவே முன் வாகனத்துக்குத் திரும்புகிறது. கொக்கியின் குண்டு உலோகமாக இருப்பதால் அதுவே எர்த்தாகப் போதும் என்று கருதுவது தவறாகும். குண்டில் பூசப்படும் மசகும் படியும் துருவும் அவ்விணைப்பை நம்பகமற்றதாக்குகின்றன.

எர்த் முற்றிலும் அறுந்தால் பழுது எளிதில் புலப்படும்: விளக்குகள் மங்கும், அல்லது ஒன்றை ஏற்றினால் வேறொன்று எரியும். பகுதியளவு கெட்ட எர்த்தே அதிக ஆபத்தானது. கனடாவில் குளிர்காலச் சாலைகளில் தூவப்படும் உப்பு, முனைகளை அரித்து அரை ஓம் மின்தடையை உண்டாக்கியதாகக் கொள்வோம். எல்.ஈ.டி. பின்விளக்குகள் அரை ஆம்பியர் எடுத்தால் அங்கு இழக்கப்படுவது 0.25 வோல்ட்டு மட்டுமே. விளக்குகள் வழக்கம்போல் எரியும். ஆனால் நான்கு பிரேக்குகளின் மொத்த மின்தடை 1 ஓம் ஆகும். அரை ஓம் சேர்ந்தால் 12 ஆம்பியர் மின்னோட்டம் 8 ஆம்பியராகக் குறையும். அதாவது மூன்றில் ஒரு பங்கு இழக்கப்படும். அத்துடன் அரிக்கப்பட்ட முனையில் 32 வாட் வெப்பம் உண்டாகி இணைப்பியின் நெகிழி உருகவும் கூடும்.

எனவே விளக்குகள் நன்றாக எரிவது பிரேக்குகள் நன்றாக இயங்குகின்றன என்பதற்குச் சான்றாகாது. பிரேக் வலுவிழந்த கேம்பருடன் ராக்கி மலைத்தொடர் போன்ற இடங்களில் நீண்ட இறக்கத்தில் செல்லும்போது, முழுச் சுமையும் முன் வாகனத்தின் பிரேக்குகள் மீது விழுகிறது. அவை அளவுக்கு மீறிச் சூடேறினால் பிடிப்பை இழக்கும்.

கம்பியின் தடிமன்

வட அமெரிக்காவில் கம்பியின் தடிமன் ஏ.டபிள்யூ.ஜி. என்னும் எண்ணால் குறிக்கப்படுகிறது. எண் குறையக் குறையத் தடிமன் கூடும். 14 எண் செப்புக் கம்பியின் மின்தடை 10 மீட்டருக்கு ஏறத்தாழ 0.083 ஓம், 10 எண் கம்பிக்கு ஏறத்தாழ 0.033 ஓம். மின்னோட்டம் சென்று திரும்ப வேண்டியிருப்பதால் இவற்றை இரட்டித்துக் கணக்கிட வேண்டும்.

சான்றாக, 150 வாட் குளிர்பெட்டி ஒன்று ஓட்டத்தின்போது ஏறத்தாழ 12.5 ஆம்பியர் எடுக்கிறது எனலாம். முன் வாகனத்தின் மின்னாக்கி 14 வோல்ட்டு தந்தாலும், 10 மீட்டர் நீளமுள்ள 14 எண் கம்பிகளில் 2.1 வோல்ட்டு இழக்கப்படும். கேம்பரை அடைவது 11.9 வோல்ட்டு மட்டுமே. முழுதாக மின்னேற்றப்பட்ட ஈய-அமில மின்கலத்தின் மின்னழுத்தம் ஏறத்தாழ 12.6 வோல்ட்டு ஆதலால், இந்நிலையில் மின்கலம் நிரம்புவதற்கு மாறாக வற்றத் தொடங்கும். நாள் முழுவதும் ஓட்டிய பின்னரும் மின்கலம் வெறுமையாக இருப்பதற்கு இது ஒரு காரணமாகும். 10 எண் கம்பியில் இழப்பு 0.8 வோல்ட்டாகக் குறைகிறது. மின்கலத்தை மெதுவாகவேனும் மின்னேற்ற முடியும்.

புதிய வாகனங்கள் பலவற்றில் எரிபொருளைச் சேமிப்பதற்காக மின்னாக்கியின் மின்னழுத்தம் தானாகவே குறைக்கப்படுகிறது. இவற்றில் தடித்த கம்பி மட்டும் போதாது. குறைந்த மின்னழுத்தத்தை உயர்த்தித் தரும் நேர்மின் மின்னேற்றி கேம்பரில் பொருத்தப்படுகிறது. லித்தியம் மின்கலங்களுக்கும் இதுவே பொருத்தமானது. வாகனம் நிறுத்தப்பட்டிருக்கும்போது கேம்பர் முன் வாகனத்தின் மின்கலத்தை வற்றச் செய்யாதிருக்க, இயந்திரம் ஓடும்போது மட்டும் இணைக்கும் ரிலே ஒன்றும் பயன்படுகிறது. மின்னேற்றக் கம்பியில் மின்கலத்துக்கு மிக அருகே உருகி இருத்தல் வேண்டும். உருகி தொலைவில் இருந்தால், இடையில் கம்பி உரசிக் குறுக்குச்சுற்று ஏற்படும்போது தீப்பிடிக்கக்கூடும்.

பயணத்துக்கு முந்திய சோதனை

நெடும்பயணத்துக்கு முன் பின்வரும் சோதனைகள் மேற்கொள்ளப்படுகின்றன.

- பின்விளக்கு, இடது, வலது, நிறுத்தம் ஆகியவற்றை ஒவ்வொன்றாகவும் சேர்த்தும் இயக்கி, மற்றொருவர் பின்னால் நின்று பார்த்தல்.
- இணைப்பியின் முனைகளில் பச்சை அல்லது வெள்ளைப் படிவு உள்ளதா எனப் பார்த்துத் துப்புரவு செய்தல்.
- மின்னழுத்தத்தைச் சுமையுடன் அளத்தல். சுமையில்லாதபோது கெட்ட முனையும் 12 வோல்ட்டு காட்டும். பிரேக் கைப்பிடியை முழுதாக இயக்கியபடி கேம்பரின் முனையில் அளந்தால் மட்டுமே உண்மையான இழப்பு தெரியும்.
- வெற்று, உலர்ந்த, சமதளச் சாலையில் மணிக்கு 30 முதல் 40 கிலோமீட்டர் வேகத்தில் கைப்பிடியால் கேம்பரின் பிரேக்கை மட்டும் இயக்கிப் பார்த்தல். சக்கரங்கள் பூட்டிக்கொண்டு சறுக்கினால் கட்டுப்படுத்தியின் அளவு சற்றுக் குறைக்கப்படும்.
- ஏழு முனை இணைப்பியைக் கழற்றிவிட்டுப் பிரிவு ஆளியின் ஊசியை உருவிப் பார்த்தல். இணைப்பி பூட்டியிருக்கும்போது உருவினால் மின்சாரம் பின்னோக்கிப் பாய்ந்து கட்டுப்படுத்தியைப் பழுதாக்கக்கூடும்.
- கம்பி திருப்பத்தில் இழுபடாமலும் தரையில் உரசாமலும் இருக்கிறதா எனப் பார்த்தல்.

பிற நாடுகளில்

ஐரோப்பாவில் 750 கிலோகிராமுக்கு மேற்பட்ட கேரவன்களில் பெரும்பாலும் உந்து பிரேக் பயன்படுகிறது. முன் வாகனம் வேகம் குறையும்போது கேரவன் அதனை முன்னோக்கித் தள்ளுகிறது. அத்தள்ளுவிசையே கம்பித்தண்டு வழியாக பிரேக்கை இயக்குகிறது. எனவே அங்கு மின்னிணைப்பு பழுதானாலும் பிரேக் இயங்கும். ஐரோப்பாவில் வழக்கிலுள்ள 13 முனை இணைப்பியில் விளக்குகளுக்கும் மின்னேற்றத்துக்கும் தனித்தனி எர்த் முனைகள் ஒதுக்கப்பட்டுள்ளன. இதனால் குளிர்பெட்டியின் மின்னோட்டம் விளக்குகளின் திரும்புபாதையைப் பாதிப்பதில்லை. வட அமெரிக்க முறையில் எல்லாச் சுற்றுகளுக்கும் பொதுவாக உள்ள வெள்ளைக் கம்பியே மிகுந்த கவனத்துக்குரியதாக அமைகிறது.