எடை சரி, குழந்தை ஏன் மெலிகிறது?

அங்கன்வாடித் தராசில் எடை சரியாகவே இருக்கலாம். கல்லீரல் கெட்ட குழந்தைக்கு அதை நம்பக் கூடாது: வயிற்றில் கோத்த நீரும் வீங்கிய ஈரலும் சேர்ந்த எடை அது. சட்டைக் கையை ஏற்றிவிட்டு மேற்கையில் அளவுநாடாவைச் சுற்றிப் பாருங்கள். கை குச்சியாக இருக்கும்.

பித்தநாளம் அடைபட்டால் பித்தம் குடலுக்கு வராது. கொழுப்பு செரிக்காமல் மலத்தோடு போகும். ஏ, டி, ஈ, கே வைட்டமின்களும் கூடவே போகும். எம்.சி.டி. (நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு) எண்ணெய் தருவது இதனால்தான்: பித்தம் இல்லாமலே குடல் அதை உறிஞ்சிக்கொள்ளும். கலோரி மற்றக் குழந்தைகளைவிட ஒன்றரை மடங்கு வரை தேவைப்படலாம். வாயால் முடியாவிட்டால் இரவில் மூக்குக்குழாய் வழியே. பருப்பையும் முட்டையையும் நிறுத்தும் பத்தியம் பெரிய ஆபத்து. புரதம் குறைந்தால் தசைதான் கரையும்.

1998-இல் டெல்லி அப்போலோவில் தந்தையின் ஈரல் துண்டைப் பெற்றுப் பிழைத்த காஞ்சிபுரத்துக் குழந்தைக்கும் இதே பித்தநாள அடைப்புதான்.