கூரைக் கம்பியின் உண்மை நிறை

ஊர்காவற்றுறை முதல் நெடுந்தீவு வரை, கைவிடப்பட்ட வீடுகளின் கொங்கிறீற் கூரைகள் வெடித்துக் கம்பிகள் வெளித்தெரிவதை நாம் காண்கின்றோம். 1990 ஆம் ஆண்டில் முஸ்லிம் மக்கள் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டனர். தமிழ் மக்களும் போரினால் இடம்பெயர்ந்தனர். திரும்பி வருவோர் முன்னுள்ள கேள்வி, பழைய கூரையை நம்பலாமா என்பதே.

கண்ணால் பார்த்து இதற்கு விடை கூற முடியாது. துருவானது தான் உண்ட இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு வரை இடம் பிடிப்பதாகும். தடித்த துருவைக் கண்டு கம்பி முழுவதும் அழிந்ததென எண்ணுவது தவறு. பூச்சுப் பூசி மறைப்பது அதைவிடப் பெருந்தவறு.

ஆய்வுகூடத்தில், வெட்டியெடுத்த கம்பித் துண்டிலுள்ள கொங்கிறீற்றைத் தூரிகையால் அகற்றி, அரிப்புத் தடுப்பான் சேர்த்த ஐதரோகுளோரிக் அமிலத்தில் துருவைக் கரைத்து, கழுவி உலர்த்தி நிறுக்கின்றனர். அமிலம் நல்ல இரும்பையும் சற்றே தின்னுமாதலால், துருவேறாத துண்டொன்றையும் உடன் அமிழ்த்தி அதன் இழப்பைக் கழிப்பர். 12 மி.மீ. கம்பியின் 300 மி.மீ. நீளத் துண்டு ஏறத்தாழ 266 கிராம் இருக்க வேண்டும். 226 கிராம் மட்டுமே இருப்பின் 15 சதவீத இரும்பு போய்விட்டது.

ஆனால் இது சராசரியே. கடலுப்பின் குளோரைட்டு கம்பியைச் சீராக அரிப்பதில்லை, குழிகுழியாகத் தோண்டுகிறது. கம்பி அறுவது ஆழ்ந்த குழியிலேயாம். ஆகவே மிக மெலிந்த இடத்தை வேணியர் அளவுகோலால் அளந்தாக வேண்டும். (நெடுந்தீவிலுள்ள பழைய கோட்டை முருகைக்கல்லால் ஆனது, அதற்கு இக்கவலை இல்லை.) துண்டு வெட்டுமுன் கூரைக்கு முட்டுக் கொடுப்பதை எவரும் மறத்தலாகாது.