மறதி நோய் முதியோருக்கு அரிசி மட்டும் போதுமா?

புதுடில்லி: நாட்டில் 60 வயதைக் கடந்தோரில் 7.4 சதவீதத்தினர், அதாவது சுமார் 88 லட்சம் பேர், 'டிமென்ஷியா' எனும் மறதி நோயுடன் வாழ்வதாக 2023ல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது.

முதியோர் ஓய்வூதியம் கிடைக்காத ஏழைகளுக்கு மாதம் 10 கிலோ தானியம் வழங்கும் அன்னபூர்ணா திட்டத்தை 2000ல் மத்திய அரசு துவக்கியது. ஆனால், அடுப்பை அணைக்க மறப்பவருக்கு அரிசி மட்டும் உணவாகிவிடாது.

கேரளத்தில் 2020 ஊரடங்கின்போது, குடும்பஸ்ரீ மகளிரின் துணையோடு உள்ளாட்சிகள் சமூக சமையலறைகளைத் திறந்தன. ஆதரவற்றோருக்கு இலவசம், மற்றவர்களுக்குச் சாப்பாடு 20 ரூபாய், வீடு தேடி வர 5 ரூபாய் கூடுதல்.

திருவனந்தபுரம் மாவட்டத்தின் வித்துரா போன்ற மலையோர ஊராட்சிகளில், மறதி நோயாளிகளுக்கு இத்தகைய ஏற்பாடு நிரந்தரமாகத் தேவை. பொட்டலம் தந்தால் மட்டும் போதாது. உண்டாரா என்று பார்க்கவும் ஆள் வேண்டும். அச்செலவை ஏற்பது மத்திய அரசா, மாநில அரசா என்பதே கேள்வி.